பதியாத வீடுகள்

"கண்ணாடியில கையெழுத்துப் போடச் சொல்லுதியே பிள்ளே, நாளைக்கு எவனாவது இதத் தொடச்சிட்டு வேற எழுதிக்கிட்டா நான் எங்கன போயி முட்டிக்கிட?" என்று குத்தாலிங்கம் கேட்டதும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்திருக்கக் கூடாது. சிரிக்காமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை காது கொடுத்துக் கேட்டிருப்பார். வெயிலில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நோட்டுப் புத்தக அளவு இருந்த ஒரு தொடுதிரை டேப்பை இரண்டு கையாலும் அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள் அவள். கழுத்தில் தொங்கிய அட்டையில் கிருபா என்று போட்டிருந்தது. கீழப்பாவூர்ப் பெண். பேரூராட்சியில் ஒரு மாதத்துக்கு மட்டும் சேர்த்திருந்தார்கள்.

"தாத்தா, உங்க வார்டுக்குன்னு ஒரு தொக வந்திருக்கு. அதுல என்ன வேல செய்யணும்னு நீங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணலாம். பாலமா, சாக்கடத் தண்ணி போற வாறுகாலா, இல்ல ஆர்ச்சான்னு. வீட்டுக்கு ஒரு ஓட்டு. அதுக்கு மொதல்ல பேரப் பதியணும். ரேசன் கார்டு நம்பரு, போனுக்கு ஒரு நம்பர் வரும், அதச் சொல்லணும். பொறவு இதுல விரலால ஒரு கையெழுத்து. அவ்ளோதான்."

"போனுக்கு வார நம்பர எவன் கேட்டாலும் சொல்லாதன்னு, போன எடுத்தாப் போதும், ஒருத்தி நெதமும் தொண்ட கிழியக் கத்துதா. நீ வாசல்ல வந்து நின்னு அதே நம்பரக் கேக்க. அவ பேச்சக் கேக்கவா, உன் பேச்சக் கேக்கவா?"

அடுத்த வீட்டு முப்பிடாதியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "சரியாக் கேட்டீரு அண்ணே" என்றாள். தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னாள். அந்தப் பெண் முகம் கறுத்துப்போய் அடுத்த வீட்டுக்குப் போனாள். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் வந்தால் நாயை அவிழ்த்துவிட்டுவிடுவேன் என்று குத்தாலிங்கம் சொன்னார். அவரிடம் நாய் கிடையாது. ஆனாலும் அவள் வரவில்லை.

வாய்க்கால்கரைத் தெருவில் முப்பத்தோரு வீடு. அதில் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போகிற ஏழு வீடு பதிந்தது. மற்ற இருபத்து நாலு வீடும் குத்தாலிங்கம் பதியவில்லை என்பதால் பதியவில்லை. அவர் ஒன்றும் தெருவுக்கு நாட்டாமை இல்லை. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் நாற்பது வருசம் மூட்டை தூக்கியவர், இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் ஒரு விசயத்தில் அவர் பேச்சுக்கு அந்தத் தெருவில் மரியாதை இருந்தது. கையெழுத்து விசயத்தில். ஏனென்றால் கையெழுத்தால் கெட்டவர் அவர்.

ஒன்பது வருசத்துக்கு முன்னால் ஒரு ஆள் பைக்கில் வந்தான். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வரப்போகிறது, மனு கொடுக்க வேண்டும், எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள் என்றான். முதல் கையெழுத்து குத்தாலிங்கத்தோடது. சந்தையில் எல்லாரும் விரலை உருட்டும்போது அவர் மட்டும் தன் பேரை முழுசாக எழுதுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை. சுழி சுழியாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, "ஏ, எல்லாரும் போடுங்க, தண்ணிக்குத்தான" என்று வீடு வீடாகக் கூப்பிட்டுக் கூட்டிவந்தவரும் அவர்தான். எட்டு மாசம் கழித்துத் தெருவுக்குப் பின்னால் வண்டிப்பாதை இருந்த இடத்தில் சுற்றுச்சுவர் எழும்பியது. குப்பைக் கிடங்கு. கேட்கப் போன இடத்தில் ஒரு அதிகாரி காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, "இது உம்ம கையெழுத்துதான வே?" என்றார். அவருடையதுதான். அதே சுழி. அதற்கு மேலே இருந்த எழுத்துதான் வேறு. குப்பைக் கிடங்கு அமைய எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று பக்கத்தில் நின்ற ஒருத்தன் வாசித்துச் சொன்னான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தவர், அதற்குப் பிறகு எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆஸ்பத்திரியில் போடச் சொன்னால்கூட இடது கைப் பெருவிரலைத்தான் நீட்டுவார்.

பின்பக்கத்துப் பாதையைக் குப்பை அடைத்துக்கொண்டது. முன்பக்கத்துப் பாலத்தை ஒரு மார்கழி வெள்ளம் கொண்டுபோனது. இப்போது தெருவுக்கும் ஊருக்கும் நடுவில் வாய்க்கால் கிடக்கிறது. அதன்மேல் பழைய கரண்டுக் கம்பம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கப் போட்டிருக்கிறார்கள். மனுசன் நடக்கலாம், சைக்கிளை உருட்டலாம். ஆட்டோ வராது. ஆட்டோ வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், புதுத் தெருவில் நிற்கும்.

புதுத் தெரு முழுக்கச் சாயபுமார் வீடு. முன்னே தறி போட்டவர்கள். இப்போது வீட்டுக்கு ஒருத்தராவது துபாயிலோ சவுதியிலோ இருக்கிறார்கள். பணம் வந்து வீடெல்லாம் மாடியாகிவிட்டது. ஆனால் தெருவின் வாறுகால் மட்டும் அந்தக் காலத்தில் தறிக்குழித் தண்ணீர் போவதற்கு வெட்டியது. அதில்தான் இப்போது நாற்பத்தாறு வீட்டுக் கக்கூஸ் தண்ணீரும் போகிறது. மழை பெய்தால் போகாது, திரும்பி வரும். டைல்ஸ் போட்ட கூடத்தில் கணுக்கால் அளவுக்குக் கறுப்பாக நிற்கும். அவர்களுக்கு வாறுகால் வேண்டும். மெயின் ரோட்டுக் கடைக்காரர்களுக்கும் லாட்ஜ்காரர்களுக்கும் குற்றால அருவிக்குப் போகிற ரோட்டு முகப்பில் லைட்டு வைத்த ஒரு ஆர்ச் வேண்டும். ஐயப்ப சீசனுக்கு வருகிற வண்டிகள் அதைப் பார்த்துத் திரும்பும் என்பது அவர்கள் கணக்கு. வாய்க்கால்கரைக்காரனுக்குப் பாலம்.

குத்தாலிங்கத்துக்குப் பாலம் எதற்கு என்றால், மாடத்திக்கு.

அவர் பெண்டாட்டி மாடத்திக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருசமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் தென்காசி பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மிசினில் நாலு மணி நேரம் கிடத்தி எடுப்பார்கள். முதல் ஆறு மாசம் கையைப் பிடித்துக்கொண்டு கம்பத்தின் மேல் நடந்தாள். பிறகு காலில் நீர் கோத்து நடக்க முடியவில்லை. அப்போதிருந்து அவர் தூக்குகிறார். முதுகில் ஏற்றி, கழுத்தைச் சுற்றி அவள் கையைப் போடச் சொல்லி, துண்டால் அவளைத் தன் இடுப்போடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, பல்லாரி வெங்காய மூட்டையோடு பலகையில் ஏறுவதுபோலப் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து வைத்துப் போவார். வேறு யாரையும் தொடவிட மாட்டார். ஆஸ்பத்திரி நர்சுக்கு அவர்மேல் ஒரு ஆச்சரியம் உண்டு. எடை மிசினில் ஏற்றும் முன்பே, "இன்னைக்கு மூணு கிலோ தண்ணி ஏறியிருக்கும்மா" என்பார். மிசின் இரண்டே முக்காலோ மூன்றோ காட்டும். "தண்ணி நெறைய குடிச்சிட்டா, கேட்டா இல்லங்கா" என்று பெண்டாட்டியைக் காட்டிக்கொடுப்பார். மாடத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆனால் எழுபத்தோரு வயதில் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. புரட்டாசி கடைசியில் ஒருநாள் சாரலில் கம்பம் வழுக்கி, வலது கால் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் இறங்கிவிட்டது. மாடத்தியின் எடை முழுதும் ஒரு பக்கமாகச் சரிந்து, வாய்க்கால் தண்ணீர் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. எப்படியோ உட்கார்ந்துவிட்டார். மாடத்தி ஒரு சத்தமும் போடவில்லை. எதிர்க்கரையில் வாசலைக் கழுவிக்கொண்டிருந்த நூருன்னிசாதான் "யா அல்லா" என்று கத்தினாள். வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தவளைக் குத்தாலிங்கம் கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்திருக்க அவருக்குக் கால்மணி நேரம் ஆயிற்று.

நூருன்னிசாவின் வீட்டுக்காரர் அகமது கபீர், துபாயில் இருபத்தாறு வருசம் தையல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஓட்டு நடப்பதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து தொப்பியோடு வாய்க்கால் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ வந்து நின்றது. மாடத்தியை இறக்கி, கபீர் வீட்டுப் படியில் ஒரு நிமிசம் உட்காரவைத்துத் துண்டை உதறினார் குத்தாலிங்கம்.

"அண்ணாச்சி, ஒரு பேச்சு."

"சொல்லும் பாய்."

"பள்ளிவாசல்ல வச்சுப் பேசிட்டோம். எங்க தெரு ஓட்ட வாறுகாலுக்குப் போட்டா நாப்பத்தாறு. உங்க தெரு ஓட்டப் பாலத்துக்குப் போட்டா முப்பத்தொண்ணு. தனித்தனியாப் போட்டா ரெண்டு பேருமே மண்ணக் கவ்வ வேண்டியதுதான். கடக்காரனுக அறுவதுக்கு மேல வச்சிருக்கானுக. அதனால இந்தத் தடவ எங்க ஓட்டு பூராவும் பாலத்துக்கு. அடுத்த வருசம் நீங்க எங்க வாறுகாலுக்குப் போடுங்க."

குத்தாலிங்கம் துண்டை உதறுவதை நிறுத்தவில்லை. உலகத்தில் எவனாவது தன் வீட்டுக்குள் பீத்தண்ணி வருவதை விட்டுவிட்டு அடுத்த தெருக்காரன் பாலத்துக்கு ஓட்டுப் போடுவானா? இதில் என்ன இருக்கிறது என்று மனசு தடவிப் பார்த்தது. சந்தையில் வியாபாரி சிரித்துக்கொண்டே வந்து தோளில் கை போட்டால் மூட்டையில் எடை கூடுதல் என்று அர்த்தம். "எதுக்கு எங்களுக்குப் போடுதியோ?" என்று கேட்டேவிட்டார்.

கபீர் திரும்பினார். படியில் உட்கார்ந்திருந்த மாடத்தியைப் பார்த்தார். "வீட்டுல அன்னைக்குப் பாத்ததுல இருந்து தூங்கல அண்ணாச்சி. அவதான் பொம்பளைகள்ட்ட பேசிக் கொண்டுவந்தது. எங்களுக்குக் கூடம் நாறுது, கழுவிக்கிடுதோம். நீங்க விழுந்தா என்னத்தக் கழுவ?"

குத்தாலிங்கம் உதறிய துண்டை இரண்டாக மடித்தார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். உங்க தெருல முப்பத்தோரு வீடும் பதிஞ்சாச்சுல்லா? பதியாதவுக யாராச்சும் இருந்தா இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் பதியுத அந்தப் பிள்ள சமுதாயக் கூடத்துல இருக்கு. நானே ஆட்டோ வச்சிக் கூட்டிட்டுப் போறேன். எங்க ஓட்டு மட்டும் காணாது, பாத்துக்கிடுங்க."

இங்கேதான் குத்தாலிங்கம் அந்தப் பொய்யைச் சொன்னார். யோசித்துச் சொன்ன மாதிரியும் இல்லை, யோசிக்காமல் சொன்ன மாதிரியும் இல்லை. அந்தப் பிள்ளை இரண்டு தடவை வந்து முடியாததால் இப்போது கபீரை அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒரு நினைப்பு. கண்ணாடியில் கையெழுத்தை வாங்காமல் விடமாட்டார்கள் என்று ஒரு நினைப்பு. அதோடு, அவர் எத்தனை எலெக்சன் பார்த்தவர். ஓட்டு என்றால் அன்றைக்குக் கார்டை எடுத்துக்கொண்டு போனால் போதும். பேர் தானாக லிஸ்டில் இருக்கும். சிலிப்பு வராத வருசம்கூட அவர் ஓட்டுப் போட்டிருக்கிறார். இதற்கு எதுக்குத் தனியாகப் பதிவு? அது வேறு எதுக்கோ.

"எல்லாம் பதிஞ்சாச்சு" என்றார்.

"அல்ஹம்துலில்லா" என்றார் கபீர். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தபோது குத்தாலிங்கத்துக்கு முதல்முறையாகச் சந்தேகம் தன்மேலேயே வந்தது. அதற்குள் கபீர் போய்விட்டார்.

கம்பத்தைக் கடந்து வந்து கட்டிலில் இறக்கியதும் மாடத்தி கேட்டாள். மிசினில் இருந்து வந்த நாளில் அவள் பேசவே மாட்டாள். "ஏன் பதிஞ்சாச்சுன்னு சொன்னீக?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட."

"போயிப் பதிஞ்சிட்டு வந்தா என்ன? இந்தத் தெருவுல இன்னும் எழுதி வாங்குததுக்கு என்ன இருக்கு? குப்பையா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "எனக்கென்ன. சுமக்கது நீங்க."

சுவரில் கடிகாரம் மூன்றேகால் காட்டியது. நாலரைக்கு ஒருதடவை எழுந்து சட்டையைப் போட்டார். முப்பிடாதியம்மாள் வாசலில், "எங்கண்ணே, சட்டையெல்லாம் போட்டு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, பீடி வாங்க" என்றார். பெட்டிக்கடை வரைக்கும் போய், ஒரு கட்டு பீடி வாங்கிக்கொண்டு திரும்பிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாய்க்கால்கரைத் தெரு கல்யாணத்துக்குப் போவதுபோலக் கிளம்பியது. பாய்மார் ஓட்டும் நமக்குத்தான், கார்டைக் கொண்டுபோனால் போதும் என்ற செய்தியைக் குத்தாலிங்கமே வீடு வீடாகச் சொல்லியிருந்தார். அவர் வாயால் ஒரு நல்ல செய்தியைத் தெரு கேட்டது அதுதான் கடைசியாக இருக்கும். எல்லார் கையிலும் ரேசன் கார்டு. முப்பிடாதியம்மாள் தலைக்குக் குளித்து, பட்டு இல்லையென்றாலும் பெட்டிச் சேலை கட்டி, நெற்றி நிறைய திருநீறு பூசியிருந்தாள். "பாலம் வந்தா மொத வண்டி நம்ம மாடத்தியத்தான் ஏத்திட்டுப் போகணும், அதுல நானும் ஏறி ஒரு சுத்துச் சுத்திட்டு வந்திருவேன்" என்றாள். கம்பத்தின்மேல் வரிசையாக ஒருத்தர் பின்னால் ஒருத்தராகக் கடந்து போனார்கள்.

சமுதாயக் கூடத்தில் மூன்று பிளாஸ்டிக் டிரம் வைத்திருந்தார்கள். ஒன்றில் பாலத்தின் படம், ஒன்றில் வாறுகாலின் படம், ஒன்றில் ஆர்ச்சின் படம். படத்தில் ஆர்ச்சுக்கு மட்டும் கலர் போட்டிருந்தார்கள். வாசலில் மேசை போட்டு அந்தப் பெண் கிருபா உட்கார்ந்திருந்தாள். பேரைச் சொன்னால் டேப்பில் தேடிப் பார்த்து ஒரு மஞ்சள் சீட்டைக் கொடுப்பாள். அதைப் பிடித்த டிரம்மில் போட வேண்டும். புதுத் தெருக்காரர்கள் காலையிலேயே வந்து போட்டுவிட்டு, போகாமல் மரத்தடியில் நின்றார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். வாய்க்கால்கரைக்காரர்களைக் கண்டதும் நூருன்னிசா கையை ஆட்டினாள்.

"பேரு?"

"குத்தாலிங்கம்."

கிருபா தலையை நிமிர்த்தினாள். அடையாளம் தெரிந்துவிட்டது. டேப்பில் மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்தாள். பார்க்காமலே அவளுக்குத் தெரியும், ஆனாலும் பார்த்தாள்.

"பேர் இல்ல தாத்தா."

"கார்டு இருக்கு."

"கார்டு இருந்தாப் பத்தாது. பதிஞ்சிருக்கணும். நான் உங்க வீட்டுக்கு ரெண்டு தடவ வந்தேன்."

"ஓட்டுக்கு எதுக்குப் பிள்ளே பதிவு? நான் காமராசர் காலத்துல இருந்து கூட்டம் பாத்தவன், ஓட்டுப் போடுதவன். கார்டக் காட்டுதேன், போடுதேன்."

"இது அந்த ஓட்டு இல்ல தாத்தா."

அவருக்குப் பின்னால் வரிசை. ஒவ்வொருத்தராகப் பேரைச் சொன்னார்கள். இல்லை. இல்லை. இல்லை. ஒருத்தருக்கு இருந்தது, மஞ்சள் சீட்டு கிடைத்தது, அதை வாங்கியவன் களவாண்டவன்போல எல்லாரையும் பார்த்துக்கொண்டே உள்ளே போனான். மறுபடி இல்லை. இல்லை. முப்பிடாதியம்மாளின் முறை வந்து போனது. அவள் திரும்பிக் குத்தாலிங்கத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"நீரு சொன்னதுக்காகத்தான அண்ணே நான் போடல. நாலு எழுத்து எனக்கும் தெரியும். எம்மவன் சொன்னான், பதிஞ்சிரும்மான்னு. அண்ணன் வேண்டாம்னுட்டாவன்னு சொன்னேன்." சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு அவரும் போட்டிருப்பார். "அன்னைக்குப் போடுன்னு கூப்புட்டீரு, போட்டோம். இன்னைக்குப் போடாதன்னீரு, போடல. இனிமே எங்ககிட்ட ஒண்ணுஞ் சொல்லாதீரும்."

மரத்தடியிலிருந்து கபீர் மெதுவாக வந்தார். அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிரில் நின்று குத்தாலிங்கத்தின் கையிலிருந்த கார்டைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"பதிஞ்சாச்சுன்னு சொன்னீகள்லா அண்ணாச்சி" என்றார்.

திட்டியிருக்கலாம். ஒரு வசவு இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு நிற்கலாம். கேட்டதைக் கேட்டுவிட்டு அவர் பதிலுக்காகக் காத்து நின்றதுதான் தாங்கவில்லை. குத்தாலிங்கம் மேசைப் பக்கம் திரும்பினார்.

"இப்பப் போடுதேன். அந்தக் கண்ணாடியக் கொண்டா பிள்ளே."

"வெள்ளிக்கிழம அஞ்சு மணியோட மூடிட்டாங்க தாத்தா. நான் நெனச்சாலும் தெறக்காது."

"நீ கொண்டா. எங்கன போடணும்? இங்கனயா?" என்று அவள் கையிலிருந்து டேப்பை இழுத்து மேசைமேல் வைத்தார். இழுத்த இழுப்பில் எதிலோ விரல் பட்டு அது அணைந்துபோனது. கறுப்புக் கண்ணாடியில் அவர் முகமும் மேலே சுற்றிய பேனும் தெரிந்தன. வலது கை ஆள்காட்டி விரலை எச்சிலில் தொட்டுக்கொண்டு, ஒன்பது வருசத்துக்குப் பிறகு, தன் பேரை எழுதினார். கு, த், தா. சுழி சுழியாக. அவசரம் இல்லாமல், ஒரு எழுத்தும் விட்டுப்போகாமல் எழுதினார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பையன் சிரித்தான், யாரோ அவன் தலையில் தட்டினார்கள். எழுதி முடித்ததும், "நம்பரும் சொல்லுதேன், எந்த நம்பரு வேணும்?" என்று சட்டைப் பையில் போனைத் தேடினார். கிருபா தன் துப்பட்டா நுனியால் அந்தக் கண்ணாடியைத் துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பன்னிரண்டு மணிக்கு எல்லார் முன்னாலும் டிரம்மைக் கவிழ்த்து எண்ணினார்கள். அதில் ஒரு களவும் இல்லை. ஆர்ச்சுக்கு அறுபத்து மூன்று. பாலத்துக்கு ஐம்பத்தொன்று. வாறுகாலுக்கு இரண்டு. ஐம்பத்தொன்றில் ஏழுதான் வாய்க்கால்கரை. மிச்சம் நாற்பத்து நாலும் புதுத் தெரு. சொன்ன சொல்படி போட்டிருந்தார்கள். இரண்டு வீடு மட்டும் மனசு கேட்காமல் வாறுகாலுக்குப் போட்டிருக்கிறது. கவுன்சிலர் விஜய்பாண்டி துண்டை ஏற்றிப் போட்டுக்கொண்டு, மக்கள் தீர்ப்பு, நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று மைக்கில் பேசினார். அதுவும் நிசம்தான். வெளியே கடைக்காரர்கள் ஒரு சரவெடி போட்டார்கள். இருபத்து நாலு வீடு சேர்ந்திருந்தால் எவ்வளவு என்று குத்தாலிங்கத்துக்குக் கூட்டத் தெரியும். மூட்டை எண்ணிப் பழகியவர். கூட்டிவிட்டார்.

அதன் பிறகு தெருவில் அவரோடு சண்டைக்கு யாரும் வரவில்லை. முப்பிடாதியம்மாள் அவர் வாசலைக் கடக்கும்போது முறத்தையோ குடத்தையோ இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொள்வாள். கபீர் வீட்டுப் படியில் மாடத்தியை உட்காரவைக்க அவருக்கே கூச்சமாக இருந்தது; ஆட்டோ வருகிற வரைக்கும் முதுகிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நூருன்னிசா ஜன்னல் வழியே பார்ப்பாள். "உக்காரச் சொல்லுங்க" என்று உள்ளே யாரிடமோ சொல்வது கேட்கும். யாரும் வந்து சொன்னதில்லை.

மூன்று வாரம் கழித்து மழை பிடித்தது. குற்றாலத்து மலை நாலு நாளாகக் கண்ணுக்குத் தெரியவில்லை, அங்கே மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சுவர் நின்றது. அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை. ஒரு தடவை மிசினுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று குத்தாலிங்கம் முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டார். "போன தடவையே மூச்சுத் திணறிச்சே தாத்தா, எப்படியாவது கூட்டிட்டு வந்திருங்க" என்றாள் நர்ஸ். எட்டு மணிக்கு மாடத்தியை முதுகில் ஏற்றி, துண்டை முடிந்து, அதன்மேல் ஒரு உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு இறங்கினார். வாய்க்கால் தண்ணீர் கம்பத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. கம்பத்தின்மேல் உட்கார்ந்து, இரண்டு காலையும் இரண்டு பக்கமும் தண்ணீரில் போட்டு, நகர்ந்து நகர்ந்து அந்தக் கரைக்குப் போனார். அதற்கே அரை மணி நேரம்.

அந்தக் கரையில் ஆட்டோ இல்லை. என்ஜினில் தண்ணீர் ஏறிவிடும், புதுத் தெருவுக்குள் வரமாட்டேன், மெயின் ரோட்டில் ஆர்ச்சுக்குக் கம்பி கட்டுகிற இடத்தில் நிற்கிறேன் என்று ஆட்டோக்காரன் போனில் கத்தினான். புதுத் தெரு இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் குளம் கிடந்தது. முழங்காலுக்கு மேலே இருந்தது. நாற்றம் வாயில் உட்கார்ந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் குனிந்து நின்று, வாளியாலும் சட்டியாலும் கூடத்துத் தண்ணீரை மொண்டு தெருவில் வீசிக்கொண்டிருந்தாள். வீசிய தண்ணீர் சுற்றிக்கொண்டு அடுத்த வாசலில் ஏறியது. இரண்டு மாடி வைத்த வீட்டின் முன்னால் நூருன்னிசா புர்காவை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு மொண்டாள். அவளும் அவரைப் பார்த்தாள். மொள்வதை நிறுத்தவில்லை. கழுவிக்கொள்கிறோம் என்று கபீர் சொன்னது இதைத்தான்.

குத்தாலிங்கம் தண்ணீருக்குள் இறங்கினார். மாடத்தியின் மூச்சு காதில் சளசளவென்று அடித்தது. பத்தடி போனதும் நின்றுவிட்டார். ரோடு எது, வாறுகால் எது என்று தெரியவில்லை. இந்தத் தெருவில் வாறுகாலுக்கு மூடி கிடையாது. ஆள் இடுப்பளவு ஆழம். இரண்டும் ஒரே கறுப்பில், ஒரே மட்டத்தில் கிடந்தன. அவர் எத்தனையோ தடவை ஆட்டோவில் போன தெரு. ஆட்டோவில் போகிறவன் வாறுகால் எந்தப் பக்கம் என்று எதற்குப் பார்த்து வைக்கிறான்? காலால் தடவினார். சகதி. இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவினார். அங்கேயும் சகதி.

எதிரே முப்பதடி தூரத்தில், நனைந்த லுங்கியோடு, கையில் ஒரு மூங்கில் கழியை வைத்துக்கொண்டு வாறுகாலை அடைத்திருந்ததைக் குத்திக்கொண்டிருந்தார் கபீர். இவரைப் பார்த்தார். குத்துவதை நிறுத்தினார். மூன்று வாரமாகப் பேசாத மனுசன்.

"அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க. எடது பக்கமா வாங்க. எடதுபக்கந்தான் ரோடு."

சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார். கழி தண்ணீருக்குள் போய் வந்தது. பெண்கள் மொண்டு வீசினார்கள். இடது பக்கம் பார்க்கக் கறுப்பாக இருந்தது, வலது பக்கமும் அப்படித்தான். வெறும் சொல்லை நம்பிக் காலை வைக்க வேண்டும்; பதிஞ்சாச்சு என்று அவர் சொன்னதும் அப்படி ஒரு சொல்தான். குத்தாலிங்கம் இடது காலைத் தூக்கினார். தூக்கிய கால் தண்ணீருக்குள்ளேயே, தரைக்கு ஒரு சாண் மேலே, எதிலும் படாமல் நின்றது. மாடத்தியின் கை அவர் கழுத்தில் இறுகியது. மழை கனத்தது.